பிள்ளைக்குக் காது கேட்கிறதா? ஆறு வயதுக்குள் கேட்டு வாங்க வேண்டியவை

"இவங்க அப்பனும் லேட்டாத்தான் பேசினான், தானா வரும்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் பேச்சு வராததற்குக் காது கேட்காததும் காரணமாக இருக்கலாம், அவர்கள் சொல்வதை நம்பி இரண்டு மூன்று வருடம் காத்திருந்தால் இழப்பு பிள்ளைக்கு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளாண்ட் (சத்தத்தைக் காது நரம்புக்குக் கொண்டுபோகும் கருவியை உள்காதில் பொருத்துவது) அறுவை சிகிச்சை இலவசம், வெளியே செய்தால் பல லட்சம் ஆகும். பிள்ளைக்கு ஆறு வயதுக்குள் செய்தாக வேண்டும் என்பது நிபந்தனை.

ஆறு என்பது அரசு வைத்த கடைசித் தேதி. டாக்டர்கள் விரும்புவதோ ஒன்று, இரண்டு வயதை. பிறந்ததிலிருந்து சத்தமே போகாத மூளை, ஒலியைப் பிரித்தறியும் பழக்கத்தை மெல்ல மெல்ல இழந்துவிடும். அப்புறம் எவ்வளவு நல்ல கருவி வைத்தாலும் பேச்சு வருவது கஷ்டம்.

சரி, எங்கள் ஊரில் காது டாக்டரே கிடையாதே என்பீர்கள். ஆர்பிஎஸ்கே என்று பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் மத்திய அரசுத் திட்டம் ஒன்று 2013 முதல் நடக்கிறது. அதன் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். பிறவிக் காது கேளாமை அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலிலேயே இருக்கிறது. ஆனால் ஒரே காலையில் அத்தனை பிள்ளைகளையும் எடை, பல், கண் என்று பார்க்கிற குழுவுக்கு, சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்பது எப்படித் தெரியும்? அம்மா வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு. குழு வரும் தேதியை அங்கன்வாடி ஆசிரியரிடம் கேட்டு வைத்துக்கொண்டு அன்றைக்கு நேரில் போங்கள், சந்தேகம் இருந்தால் மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். அதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை, நேராக அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கே போகலாம்.

வீட்டில் தட்டைத் தட்டிப் பார்த்து "திரும்புதே" என்று விட்டுவிடாதீர்கள். தரை அதிர்வதற்கும், கண் ஓரத்தில் கை அசைவதற்கும்கூடக் குழந்தை திரும்பும். மருத்துவமனையில் ஓஏஇ (சத்தத்துக்கு உள்காது பதில் தருகிறதா என்று பார்ப்பது), பெரா (சத்தம் நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்ப்பது) என்று இரண்டு பரிசோதனைகள் உண்டு. பெரா எடுக்கும்போது குழந்தை தூங்கவேண்டும், அதனால் பயணத்தில் தூங்கவிடாமல் கூட்டிக்கொண்டு போங்கள் என்பார்கள், பேருந்தில் அது ஒரு தனிப் போராட்டம்.

காப்பீட்டு அட்டைக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று வருமானச் சான்று வேண்டும். அதோடு ரேஷன் கார்டு, ஆதார். அட்டை எடுப்பது கலெக்டர் ஆபீஸில் இருக்கும் மையத்தில். முகாமில் பதிவு செய்திருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு இல்லை. பரிசோதனை முடியட்டும் என்று இருக்காமல் அட்டை வேலையை முதல் நாளே ஆரம்பித்துவிடுங்கள்.

உடனே அறுவை சிகிச்சை செய்துவிட மாட்டார்கள். முதலில் சில மாதம் சாதாரண காது மெஷின் போட்டு, பயன் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஸ்கேன், மூளைக்காய்ச்சல் தடுப்பூசி எல்லாம் இருக்கிறது. ஆபரேஷன் முடிந்து சில வாரம் கழித்துத்தான் கருவியை 'ஆன்' செய்வார்கள். அன்றைக்கே பிள்ளை "அம்மா" என்று சொல்லும் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள்தான் அதிகம் உடைந்துபோகிறார்கள். கேட்கிற சத்தத்துக்கு அர்த்தம் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி அப்புறம்தான் தொடங்குகிறது, அதுவும் இந்தத் திட்டத்தில் சேர்ந்ததுதான். ஆனால் வாராவாரம் கூலியை விட்டுவிட்டுப் பேருந்து ஏறுவதற்கு யார் கொடுப்பார்கள்? மலைக்கிராமத்துக் குடும்பங்கள் பாதியில் நிறுத்துவதற்கு இதுதான் காரணம், அலட்சியம் இல்லை. பயிற்சி எங்கே, வீட்டுக்குக் கிட்டத்தில் மையம் இருக்கிறதா என்பதை ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். கருவிக்கு வாரன்டி எத்தனை வருடம், அதற்கப்புறம் வயர், பேட்டரி யார் தருவார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் ஏடிஐபி திட்டத்திலும் இந்தக் கருவி கிடைக்கும். பிறவிக் குறைபாடு என்றால் அங்கே வரம்பு ஐந்து வயது. சாதாரண காது மெஷின் போதும் என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இலவசமாகத் தருகிறார்கள், அதற்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வேண்டும்.

காதில் சீழ் வடிகிற பிள்ளைக்கு இதெல்லாம் தேவைப்படாமலே போகலாம், மருந்திலேயே சரியாகவும் கூடும். எண்ணெய் காய்ச்சி ஊற்றாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். எங்கே போவது என்றே தெரியவில்லையென்றால் 104-க்குப் போன் போட்டுக் கேட்கலாம்.