அழ வைப்பதற்கா மேடை ஏற்றுகிறீர்கள்?

மே மாதம் நெருங்கினாலே எனக்கு எரிச்சல் வந்துவிடுகிறது. இலங்கை மலையகத்தில், ஹட்டனிலோ தலவாக்கலையிலோ பதுளையிலோ ஒரு மண்டபத்தில் அன்னையர் தினத்துக்குக் கதை அரங்கு வைப்பார்கள். நாலைந்து அம்மாமார் மேடையேறி, பிள்ளை பெற்ற கதை, வளர்த்த கதை சொல்வார்கள். கைதட்டல், பொன்னாடை, போட்டோ. அடுத்த கிழமை அவர்களில் ஒருவர் என் முன்னால் வந்து உட்கார்ந்திருப்பார். உளவளத்துணையாளர் வேலையில் இதுவும் ஒரு சீசன் ஆகிவிட்டது.

இந்த முறை வந்தவர் தோட்டத்தில் வாழும் ஓர் இளம் தாய். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். பிள்ளை பிறந்த புதிதில் அதைத் தூக்கவே பிடிக்கவில்லை, அழுதால் காதைப் பொத்திக்கொண்டு திரும்பிப் படுத்துவிடுவேன் என்று மேடையில் சொல்லியிருக்கிறார். யாரோ அதை போனில் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். அவர் பஸ்ஸை விட்டு இறங்கி, லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டுக்கு ஏறி வருவதற்குள் மாமியார் வீடியோவை இரண்டு தரம் பார்த்து முடித்திருந்தார். "இவகிட்ட பிள்ளைய எப்பிடித் தனியா விடுறது?" என்ற பேச்சு அன்று இரவே தொடங்கிவிட்டது.

ஏற்பாட்டாளரைக் கேட்டேன். "மனசில இருந்ததைக் கொட்டிட்டாங்க மிஸ், இனிப் பாரம் குறைஞ்சிடும்" என்றார்.

இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. மனதில் இருப்பதைச் சொன்னால் ஆறுதல் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் யாரிடம், எங்கே, எவ்வளவு என்று ஒரு கணக்கு உண்டு. என் அறையில் கதவு சாத்தியிருக்கும். பாதியில் நிறுத்தலாம். நான் திருப்பிக் கேட்பேன். அடுத்த கிழமை அதே கதிரையில் மறுபடி உட்கார்ந்து, "அன்றைக்குச் சொன்னது அப்படி இல்லை மிஸ்" என்று மாற்றலாம். மேடையில் இதில் எது இருக்கிறது? ஏழு நிமிடம், ஒரு மைக், முகம் தெரியாத இருட்டு, அப்புறம் அடுத்த நிகழ்ச்சி. பேரிடர் கண்டவர்களிடம் உடனே நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் சொல்ல வைப்பது ஒரு காலத்தில் சிகிச்சை போலவே நடந்தது. ஆய்ந்து பார்த்தபோது பலன் தெரியவில்லை. சிலருக்கு நிலைமை மோசமாகவும் ஆகியிருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2011 இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும் கதையைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தாதீர்கள் என்றுதான் சொல்கிறது. சபையில் எத்தனை பேர் கண்ணைத் துடைத்தார்கள் என்பதை வைத்து நிகழ்ச்சியை அளக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அமெரிக்காவில் விஸ்கொன்சின் மாநிலத்து மேடிசன் நகரில் 2010 இல் இப்படியொரு தாய்மைக் கதை நிகழ்ச்சி தொடங்கியது. அதில் கதையை முன்கூட்டியே எழுதி, தெரிவாகி, ஒத்திகை பார்த்து, தாளைக் கையில் வைத்து வாசிப்பார்கள். தாள் கையில் இருந்தால் எங்கே நிறுத்துவது என்று தெரியும். அவ்வளவு தூரம் ஏன், மலையகத்தில் ஆடும் நம் காமன் கூத்தையே பாருங்கள். காப்புக் கட்டி, விரதமிருந்து, ஆட்டமும் பாட்டும் பழகித்தானே களத்தில் இறங்குகிறார்கள்? சொந்த வாழ்க்கையைச் சொல்கிற பெண்ணை மட்டும் "சும்மா மனசில வர்றதப் பேசுங்கம்மா" என்று தள்ளிவிடுகிறோம்.

தயவுசெய்து, இனி வைப்பதானால், மேடைக்கு முன் ஒரே ஒருவரிடம் முழுக் கதையையும் சொல்ல வையுங்கள். அன்றிரவு தூங்கினாரா என்று மறுநாள் கேளுங்கள். முடிவு எந்த வரி என்பது அவருக்கு மனப்பாடமாக இருக்கட்டும். மைக் முன்னால் தேடக்கூடாது. கடைசி நிமிடத்தில் "வேண்டாம்" என்றால் முகம் சுளிக்காமல் சரி என்று விடுங்கள். போன் எடுக்கக்கூடாது என்று வாசலிலேயே சொல்லுங்கள். சொல்வதோடு நிற்காமல் ஒருவரை நிறுத்திப் பாருங்கள்.

பெயரை மாற்றிவிட்டோம், பிரச்சினை இல்லை என்பார்கள். கொழும்பில் அது சரிவரலாம். பத்துக் குடும்பம் ஒரே கூரையின் கீழ் இருக்கிற லயத்தில், "மேல் டிவிசன், இரட்டைப் பிள்ளை, புருசன் கொழும்பில் கடையில்" என்றாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். இடம், தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

இன்னொன்று, கதையில் வரும் பிள்ளையும் வளர்கிறது. அம்மா வெளிநாடு போன காலத்தில் ஆச்சியிடம் வளர்ந்த மகள் இன்று ஓ.எல். வகுப்பில் இருக்கலாம். அவளிடம் கேட்காமல் அவள் படுக்கையில் சிறுநீர் கழித்ததைச் சபையில் சொல்ல அம்மாவுக்கும் உரிமை இல்லை.

பிரசவமான முதல் இரண்டு கிழமைக்குள் வந்து போகும் அழுகை அநேகமான தாய்மாருக்கு வருவது. அதைத் தாண்டியும் தூக்கமில்லை, பிள்ளை மேல் ஒட்டுதல் இல்லை, செத்துப்போகலாம் போல இருக்கிறது என்று ஒத்திகையில் ஒருவர் சொன்னால், அது பழைய கதையா, இன்றும் நடப்பதா என்று தனியே கூட்டிப்போய்க் கேளுங்கள். இன்றும் நடப்பதென்றால் மருத்துவமாதுவிடமோ எம்.ஓ.எச். என்கிற சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்துக்கோ நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். அதுவரைக்கும் பேச ஆள் வேண்டுமென்றால் தேசிய மனநல உதவி எண் 1926 இருக்கிறது. அந்தப் பெண்ணை மேடையேற்ற வேண்டாம். நோட்டீஸ் அச்சாகிவிட்டதென்றால் திரும்ப அடித்துக்கொள்ளுங்கள்.