துளை போடுகிறவருக்குப் பதிவு உண்டு, இடம் காட்டுகிறவருக்கு?

ஆழ்துளைக் கிணறு தோண்டும் நிறுவனம் மாவட்ட நிர்வாகத்திடம் பதிவு செய்திருக்க வேண்டும். கைவிட்ட போர்க் குழிகளில் குழந்தைகள் விழுந்து இறந்ததைத் தொடர்ந்து 2010ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த நெறிமுறைகளில் இது இருக்கிறது. நிலத்துக்காரர் 15 நாள் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும், வேலை நடக்கும் இடத்தில் விவரப் பலகை வைக்க வேண்டும், சுற்றி வேலி போட வேண்டும், பயன்படாத குழியை மூட வேண்டும். தமிழ்நாட்டில் ஊராட்சிப் பகுதிகளுக்கென்று 2015ல் தனி விதிகளே வந்தன. இத்தனையும் ரிக் வண்டி தோட்டத்துக்குள் நுழைந்த பிறகு நடக்க வேண்டியவை. அந்த வண்டியை எங்கே நிறுத்துவது என்று சுண்ணாம்பில் வட்டம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாரே ஒருவர், அவருக்கு என்ன விதி?

ஒன்றும் கிடையாது. இந்தியாவில் இப்படி இடம் காட்டும் எங்களைப்போன்ற நிலவியலாளருக்கோ (ஜியாலஜிஸ்ட்) புவி இயற்பியலாளருக்கோ (ஜியோபிசிசிஸ்ட்) பொதுவான தொழில் உரிமச் சட்டம் இல்லை. வக்கீலுக்கு பார் கவுன்சில், மருத்துவருக்கு மருத்துவ கவுன்சில், ஆடிட்டருக்கு அவர்களுடைய இன்ஸ்டிடியூட் என்று இருப்பதுபோல எங்களுக்கு ஒரு கவுன்சில் இல்லை. கட்டடக் கலைஞர்களுக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் காப்பது ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பட்டப் பெயரைத்தான், அந்த வேலையைச் செய்வதையே மற்றவர்களுக்குத் தடுக்கவில்லை என்று 2020ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்களுக்கு அந்தப் பெயர்க் காப்புகூட இல்லை. நாளைக்குக் காலையில் யார் வேண்டுமானாலும் ‘ஜியாலஜிஸ்ட்’ என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டு கிளம்பலாம். பலர் அப்படித்தான் கிளம்பியிருக்கிறார்கள்.

யூ.பி.எஸ்.சி. நடத்தும் ஜியோ சயின்டிஸ்ட் தேர்வை உரிமத் தேர்வு என்று நினைப்பவர்கள் உண்டு. அது இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் ஆள் எடுக்கும் தேர்வு. அதில் தேறாதவர் தனியாகத் தொழில் செய்யக் கூடாது என்று எங்கும் இல்லை.

ஆனால் சட்டம் முழுக்க எங்களை மறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. ஒட்டுப் போட்டதுபோல ஆங்காங்கே விதிகள் இருக்கின்றன. சுரங்கத் திட்டம் தயாரிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 2016ஆம் ஆண்டின் மத்திய கனிமச் சலுகை விதிகள் இதற்கு அடிப்படைத் தகுதி சொல்கின்றன: சுரங்கப் பொறியியலில் பட்டம் அல்லது நிலவியலில் முதுநிலைப் பட்டம், அதற்குமேல் சுரங்கத் துறையில் மேற்பார்வைப் பொறுப்பில் 5 ஆண்டு அனுபவம். இதற்கு முன்பு இந்தியச் சுரங்க அலுவலகம் ஆளைப் பார்த்துத் தனித்தனியாக அங்கீகாரம் கொடுத்துவந்தது. ‘ஆர்.க்யூ.பி.’ (அங்கீகாரம் பெற்ற தகுதியாளர்) என்ற அந்தப் பழைய பெயர்தான் இன்னும் குவாரிக்காரர்கள் வாயில் இருக்கிறது. கனிமத் தேடலில் தனியார் நிறுவனங்கள் இறங்க 2021 சட்டத் திருத்தம் வழிவிட்டது. அவர்களுக்கு அங்கீகாரமும் அரசு அறிவிக்கையும் வேண்டும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை எழுதும் நிறுவனத்துக்கு ‘நாபெட்’ எனப்படும் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் வேண்டும். அந்த அங்கீகாரத்தில் நிலவியலுக்கும் நிலத்தடி நீருக்கும் தனித்தனி வல்லுநர் பெயர் காட்ட வேண்டும்.

தொழிற்சாலைகளின் நிலத்தடி நீர் அனுமதிக்கு மத்திய நிலத்தடி நீர் ஆணையத்தின் 2020 வழிகாட்டுதல்கள் நடைமுறையில் உள்ள மாநிலங்களில், பெரிய அளவில் தண்ணீர் எடுப்பவர்களுக்கான அறிக்கையை அங்கீகாரம் பெற்ற ஆலோசகர் தயாரிக்க வேண்டும். தமிழ்நாடு அதில் வராது. இங்கே 2014ஆம் ஆண்டு அரசாணைப்படி மாநில அரசின் நீர்வளத் தரவு மையமே பிர்க்கா வாரியாகப் பார்த்துத் தடையின்மைச் சான்று தருகிறது.

இந்த ஒட்டுகளுக்கு நடுவில் தெரிகிற ஒரு முரண்பாடு எனக்கு வியப்பாகவே இருக்கும். ஒரு சுரங்கத்தில் வெடி வைப்பவருக்கு டி.ஜி.எம்.எஸ். என்ற சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்தின் சான்றிதழ் வேண்டும், ‘மேட்’ எனப்படும் மேற்பார்வையாளருக்கு வேண்டும், ஃபோர்மேனுக்கு வேண்டும், மேனேஜருக்கு வேண்டும். அடியில் பாறை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எந்தப் பிளவு வழியாகச் சரியும் என்று படித்துச் சொல்கிற ஜியாலஜிஸ்டுக்கு அப்படி ஒரு தேர்வு கிடையாது, எம்.எஸ்ஸி. சான்றிதழ் போதும். கட்டடத் துறையிலும் இதே கதைதான். தமிழ்நாட்டின் 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் பதிவுபெற்ற நிபுணர்கள் பட்டியல் ஒன்று உண்டு. ஆர்க்கிடெக்ட், என்ஜினியர், ஸ்ட்ரக்சுரல் என்ஜினியர், மண்ணின் தாங்கு திறனை ஆராயும் ஜியோடெக்னிக்கல் என்ஜினியர் என்று போகிற அந்தப் பட்டியலில் நிலவியலாளருக்கு இடமில்லை. 2014 ஜூனில் மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்த பிறகு மண் பரிசோதனையில் யார் கையெழுத்துப் போடுவது என்பதை எல்லோரும் கேட்க ஆரம்பித்தார்கள், அது நல்லது. சமவெளிக்கு ஜியோடெக்னிக்கல் என்ஜினியரின் கையெழுத்து போதும். மலைச்சரிவில் போதாது என்பது என் கருத்து.

இதைத்தான் கலிஃபோர்னியா பட்டுத் தெரிந்துகொண்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லாஸ் ஏஞ்சலஸைச் சுற்றியுள்ள குன்றுகளை வெட்டியும் நிரப்பியும் வரிசை வரிசையாக வீடு கட்டினார்கள். மழைக்காலம் வந்ததும் மண்ணோடு வீடும் இறங்கியது. 1952ல் அந்த நகரம் மலைச்சரிவில் மண் வெட்டுவதற்கென்று விதி கொண்டுவந்தது. 1956ல் போர்ச்சுகீஸ் பெண்ட் என்ற கடலோரக் குடியிருப்பில் பழைய நிலச்சரிவு ஒன்று மறுபடி நகரத் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளை நாசமாக்கியது. அது பழைய நிலச்சரிவு என்பது அந்தப் பகுதியை ஆராய்ந்த நிலவியலாளர்களுக்கு முன்பே தெரியும். யாருடைய சொல்லை யார் கேட்க வேண்டும் என்று சட்டத்தில்தான் இல்லை. 1960களின் கடைசியில் நிலவியலாளருக்கு மாநில அளவில் உரிமச் சட்டம் வந்தது, பிறகு புவி இயற்பியலாளரும் சேர்ந்தார்கள். 1971ல் சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கம். மறு ஆண்டே, உயிருள்ள பிளவுக்கோட்டுக்கு மேல் வீடு கட்டுவதைத் தடுக்கும் சட்டம். அந்த மண்டலத்தில் மனிதர்கள் குடியிருக்கும் கட்டடம் எழுப்ப வேண்டுமானால் உரிமம் பெற்ற நிலவியலாளர் பள்ளம் வெட்டிப் பார்த்து அறிக்கை தர வேண்டும்.

அங்கே உரிமம் எப்படிக் கிடைக்கிறது? பட்டம் மட்டும் போதாது. படிப்புக்குத் தரும் சலுகையையும் சேர்த்து 5 ஆண்டு தொழில் அனுபவம் காட்ட வேண்டும். பல மாநிலங்களுக்குப் பொதுவான இரண்டு தேர்வுகள், அடிப்படை ஒன்று, நடைமுறை ஒன்று. அதற்குமேல் கலிஃபோர்னியாவின் நிலத்துக்கும் சட்டத்துக்கும் தனித் தேர்வு. பொறியியல் நிலவியல், நீர் நிலவியல் இரண்டுக்கும் அடுத்த படியாகச் சிறப்புச் சான்று உண்டு. உரிமம் இல்லாத இளைஞர் வேலை செய்யக் கூடாது என்றில்லை. உரிமம் பெற்றவரின் பொறுப்பில் அவர் களத்துக்குப் போகலாம், அளக்கலாம், வரைபடம் போடலாம். அறிக்கை வெளியே போகும்போது பொறுப்பாளரின் முத்திரையும் கையெழுத்தும் அதில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒருவருடைய உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று உரிமம் வழங்கும் வாரியத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பெயர் போட்டுத் தேடிப் பார்க்கலாம். எனக்கு அந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்தது இதுதான். தேர்வைவிட இதுவே பெரிய காவல்.

கனடாவுக்குப் பாடம் வேறு வழியில் வந்தது. கால்கரியைச் சேர்ந்த பிரீ-எக்ஸ் என்ற நிறுவனம் இந்தோனேசியாவின் பூசாங்கில் பெரும் தங்கப் படிவம் இருப்பதாகச் சொல்லிப் பங்குகளை ஏற்றியது. துளையிட்டு எடுத்த மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கத் தூளைக் கலந்திருக்கிறார்கள் என்று 1997ல் வெட்டவெளிச்சமானது. கோடிக்கணக்கில் போட்டவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 2001ல் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டாளர்கள் ஒரு விதியைக் கொண்டுவந்தார்கள்: கனிமத் திட்டம் பற்றி வெளியிடும் தொழில்நுட்பத் தகவலுக்குத் ‘தகுதிபெற்ற நபர்’ ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அவர், தவறு செய்தால் தண்டிக்கும் அதிகாரமுள்ள தொழில் அமைப்பில் உறுப்பினராக இருக்க வேண்டும். வெறும் சங்க உறுப்பினர் அட்டை செல்லாது.

சரி, நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டின் பெரும்பகுதி கடினப் பாறை. தண்ணீர் பாறையின் வெடிப்புகளில்தான் நிற்கும், ஓடும். அதனால்தான் ‘நீரோட்டம் பார்க்கிற’ தொழில் இங்கே இவ்வளவு செழிப்பாக இருக்கிறது. தேங்காயை உள்ளங்கையில் நிற்க வைக்கிறவர், வேப்பங்குச்சியோடு நடப்பவர், ‘ஃபாரின் மெஷின்’ என்று டிஜிட்டல் எண்கள் ஓடும் பெட்டியைக் காட்டுகிறவர், உண்மையிலேயே ரெசிஸ்டிவிட்டி மீட்டர் (நிலத்தின் மின்தடையை அளக்கும் கருவி) வைத்து அளப்பவர் எல்லோரும் ஒரே சந்தையில் நிற்கிறோம். தேங்காய்க்காரரைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. அவர் நம்பிக்கையை விற்கிறார், வாங்குகிறவருக்கும் அது தெரியும். அறிவியல் என்று சொல்லி ஏமாற்றுகிறவர்தான் ஆபத்து.

ஒரு சோதனை சொல்கிறேன். மின்தடை ஆய்வில் நான்கு இரும்புக் கம்பிகளை ஒரே நேர்கோட்டில் நடுவார்கள். வெளியிலுள்ள இரண்டில் மின்சாரம் செலுத்தி, உள்ளே உள்ள இரண்டில் மின்னழுத்தம் அளப்பார்கள். காய்ந்த மண்ணாக இருந்தால் கம்பி அடியில் உப்புத் தண்ணீர் ஊற்றுவார்கள். வெளிக் கம்பிகளைத் தள்ளித் தள்ளி நடும்போது ஆழத்து விவரம் வரும். மொத்த விரிப்பில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் வரை தெரியும் என்பதே தாராளமான கணக்கு. ஆக 1,000 அடி, அதாவது 300 மீட்டர் ஆழம் பற்றிப் பேசுகிறவர் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்கு ஒயர் விரித்திருக்க வேண்டும். 1,200 சதுர அடி மனையில் நான்கு கம்பி நட்டு, பத்து நிமிடத்தில் சுருட்டிவிட்டு, “860 அடியில ஒரு கேப், 940ல இன்னொரு ஊத்து” என்று ஒருவர் சொன்னால் அந்த எண்கள் மீட்டரிலிருந்து வரவில்லை. அவ்வளவு ஆழத்தில் ஒரு சாண் அகல வெடிப்பை மேலிருந்து இந்த முறையில் பிரித்துச் சொல்லவே முடியாது. பக்கத்தில் மின்கம்பி, நிலத்தடிக் குழாய், கம்பி வேலி இருந்தால் அளவு கெடும். அதையும் தெரிந்தவர் சொல்லுவார்.

ஆழம் கூடக் கூட ஏன் இந்த ஆர்வம்? தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். பாயிண்ட் காட்டுகிற சிலருக்கு ரிக் ஏஜென்டிடமிருந்து அடிக்கு இவ்வளவு என்று போகும். 300 அடியில் நிறுத்துங்கள் என்று சொல்கிற ஆளுக்கு அதில் நஷ்டம்தான். உரிமச் சட்டம் இருந்தால் ஒழுக்க விதியில் முதல் வரியாக இதைத்தான் எழுதுவார்கள்: ஆலோசனைக்குக் கட்டணம் வாங்குகிறவர், அந்த ஆலோசனையால் லாபம் அடைகிறவரிடம் கமிஷன் வாங்கக் கூடாது.

அப்புறம் கையெழுத்து வாடகை. “சார், ரிப்போர்ட் ரெடியா இருக்கு, உங்க சைன் மட்டும் போதும்” என்று கேட்டு வருவார்கள். அப்படி வந்த ஒன்றைப் புரட்டினேன். அட்டையில் ஒரு கிராமம், உள்ளே புல எண்ணும் அதே கிராமத்துக்கு உரியது. அடுக்குகளின் அட்டவணையில் மேல்மண், சிதைந்த பாறை, வெடிப்புள்ள பாறை, கெட்டிப் பாறை என்று தசமப் புள்ளியோடு தடிமன் போட்டிருந்தது. ஒன்பதாம் பக்கத்தின் அடிக்குறிப்பில் வேறு மாவட்டத்து ஊர்ப் பெயர். பழைய அறிக்கையில் பெயரை மாற்றியவர் அந்த ஒரு இடத்தைக் கவனிக்கவில்லை. நான் போடவில்லை. வேறு யாராவது போட்டிருப்பார்கள், ஏனென்றால் போட்டால் இழப்பதற்கு அவரிடம் உரிமம் என்று ஒன்று இல்லையே.

உரிமம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. கட்டணம் ஏறும். பத்துப் பதினைந்து வருடம் களத்தில் கிடந்து கற்றுக்கொண்ட, பட்டம் இல்லாத நல்ல கைகள் வெளியே தள்ளப்படும். கலிஃபோர்னியாவில் இருப்பதுபோல, ஒரு பொறுப்பாளரின் கீழ் வேலை செய்ய அவர்களுக்குச் சட்டம் வழி விட வேண்டும். உரிமம் பெற்றவர் காட்டிய பாயிண்டும் வறண்டு போகலாம். போகும். வித்தியாசம் என்னவென்றால், என்ன அளந்தார், எதை வைத்துச் சொன்னார் என்பதை அவர் எழுதிக் கொடுத்திருப்பார்.

அதை இப்போதே கேட்டு வாங்க எந்தச் சட்டமும் வேண்டியதில்லை. ஆய்வுக்கு வருகிறவர் எந்தப் பல்கலைக்கழகத்தில் என்ன படித்தார் என்று கேளுங்கள், கூச்சம் வேண்டாம். கள அளவீட்டுத் தாளின் நகல், வரைபடம், பரிந்துரைத்த ஆழம், அதற்குமேல் போகக் கூடாத ஆழம், தேதி, கையெழுத்து, கட்டண ரசீது எல்லாம் வாங்கி வையுங்கள். விவசாயிகளுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையும் கட்டணம் வாங்கிக்கொண்டு இந்த ஆய்வைச் செய்துதருகிறது. காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் அங்கே கமிஷன் கணக்கு இல்லை.

நிலவியல் படிக்கும் மாணவர்கள் அடிக்கடி வெளிநாடு பற்றிக் கேட்கிறார்கள். கனடா, அமெரிக்கா போகிற எண்ணம் இருந்தால் இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. எந்தத் திட்டத்தில், எவ்வளவு காலம், என்ன பொறுப்பில், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்தீர்கள் என்பதை அந்த மேலாளர் இருக்கும்போதே எழுத்தில் வாங்குங்கள். அங்குள்ள வாரியங்கள் மதிப்பெண் பட்டியலுக்கு இணையாக அனுபவச் சான்றையும் வரி வரியாகப் பார்க்கும். ‘நன்றாகப் பணியாற்றினார்’ என்ற ஒரு வரிக் கடிதம் அங்கே எடுபடாது.

பணம் கொடுத்து ஆய்வு செய்தவர் அளக்காமலே அளந்ததாக எழுதிக் கொடுத்திருந்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாடு என்று புகார் செய்யலாம். தண்ணீர் வரவில்லை என்பது மட்டும் குறைபாடு ஆகாது. செய்ததாகச் சொன்ன ஆய்வைச் செய்யவில்லை என்பதைக் காட்ட வேண்டும், அதற்குத்தான் அந்த அளவீட்டுத் தாள். வக்கீல் இல்லாமல் நீங்களே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். காலக்கெடு 2 ஆண்டு.