மெக்கானிக்கல் படிக்க ஆசையா? படிவம் 4-இல் கூடுதல் கணிதத்தை விட்டுவிடாதீர்கள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் பொறியாளராக இருக்கிறேன். படிவம் 3 (இடைநிலைப் பள்ளியின் மூன்றாம் ஆண்டு) முடியும் சமயத்தில் தோட்டத்துப் பெற்றோர் வந்து கேட்பார்கள்: “பையன் மெக்கானிக்கல் படிக்கணும்னு சொல்றான் சார், என்ன பாடம் எடுக்கச் சொல்லலாம்? நுழைவுத் தேர்வு எப்போ?”

தமிழ்நாட்டுக் காணொளிகளில் ஜே.இ.இ. என்ற இந்தியப் பொறியியல் நுழைவுத் தேர்வைப் பற்றிக் கேட்டதால் வரும் குழப்பம் இது. நம் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு அப்படித் தனித் தேர்வு இல்லை. படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் முடிவை வைத்து மெட்ரிகுலேஷன் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு), எஸ்.டி.பி.எம். (படிவம் 6 தேர்வு) அல்லது போலிடெக்னிக் டிப்ளோமா, அங்கிருந்து பட்டப்படிப்பு. அதனால் படிவம் 4-இல் எடுக்கும் பாடங்களே பாதி வழியை முடிவு செய்துவிடுகின்றன.

அங்கேதான் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். “அண்ணனுக்கே அட்மேத்ஸ் வரல, உனக்கு எதுக்கு? கைவேலை நல்லா வருது, ட்ராயிங் எடுத்தா போதும்” என்று, கூடுதல் கணிதத்தை (அட்மேத்ஸ்) வேண்டாமென்று வீட்டிலேயே சொல்லிவிடுகிறார்கள். பொறியியல் வரைபடப் பாடம் நல்ல பாடம்தான். ஆனால் கூடுதல் கணிதமும் இயற்பியலும் இருக்க வேண்டிய இடத்தை அது நிரப்பாது.

எங்கள் ஆலையையே பாருங்கள். பழக்குலைகளை வேகவைக்கும் கலனுக்குள் சுமார் 3 பார் அழுத்தத்தில் நீராவி போகிறது. வெப்பம் 140 டிகிரியைத் தாண்டும். அந்த நீராவி குளிர்ந்த குலையில் பட்டுத் தண்ணீராக மாறும்போது விடுகிற உள்ளுறை வெப்பம்தான் பழத்தை வேகவைக்கிறது. இது படிவம் 4 இயற்பியலில் வெப்பம் என்ற அத்தியாயத்தில் இருக்கிறது. படிவம் 5 கூடுதல் கணிதத்தில், இடப்பெயர்ச்சியை வகையிட்டால் (அது நேரத்தோடு மாறும் வீதத்தைக் கண்டால்) திசைவேகம், அதை மறுபடி வகையிட்டால் முடுக்கம் என்று வருகிறது. பல்கலைக்கழகத்தில் இயக்கவியல் வகுப்பு இது தெரியும் என்று எடுத்துக்கொண்டே தொடங்கும். தெரியாமல் போகிற பிள்ளை முதல் பருவத்திலேயே திணறும்.

வேதியியலையும் எடுங்கள். கொதிகலன் தண்ணீர், துருப்பிடித்தல், உலோகம் எல்லாவற்றிலும் அது வேலைக்கு வரும். மெட்ரிகுலேஷன் அறிவியல் பிரிவுக்கும் தேவைப்படும். மருத்துவம் பற்றிய யோசனை இல்லையென்றால் உயிரியலை விட்டுவிடலாம். மலாயும் வரலாறும் தேறாவிட்டால் சான்றிதழே கிடைக்காது, அதில் அலட்சியம் வேண்டாம். சுமையைக் குறைக்கிறோம் என்று தமிழை வெட்டுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. இந்தப் படிப்புக்காகத் தமிழை விட வேண்டிய அவசியமே இல்லை.

சில பள்ளிகளில் எடுக்கும் மாணவர் போதவில்லை என்று கூடுதல் கணித வகுப்பு நடக்காது. பாடத்தேர்வுப் பாரத்தில் கையெழுத்துப் போடும் முன்னே அதைக் கேட்டுவிடுங்கள். வேண்டுமென்கிற பெற்றோர் நாலைந்து பேர் சேர்ந்து போய்த் தலைமையாசிரியரைப் பாருங்கள்.

கணிதம் சுமார்தான் என்று பயப்படும் பிள்ளைக்கு ஒரு வேலை: படிவம் 4 தொடங்கும் முன் வரும் விடுமுறையில், படிவம் 1 முதல் 3 வரையிலான அல்ஜீப்ராவை மட்டும் எடுத்து, காரணிப்படுத்துதலும் சூத்திரத்தை மாற்றி எழுதுவதும் கை பழகும்வரை தினமும் போட்டுப் பார்க்கட்டும். கூடுதல் கணிதத்தில் பலர் முதலில் தடுக்கி விழுவது அங்கேதான்.