முந்நூறு பேராக நடிக்கும் ஸ்கிரிப்ட்: எஸ்எஸ்எச் வழியே வேகச் சோதனை நடப்பது எப்படி?

பெரிய சரக்குக் கிடங்குகளில் ஊழியர்கள் கையில் வைத்திருக்கும் பார்கோடு கருவியின் திரையை எட்டிப் பாருங்கள். பல இடங்களில் இன்றைக்கும் வெறும் எழுத்துகள்தான் தெரியும். '1. சரக்கு வரவு, 2. சரக்கு எடுப்பு' என்று ஒரு பட்டியல், கீழே மினுக்கும் கர்சர், அவ்வளவுதான். பின்னால் எங்கோ ஒரு லினக்ஸ் சர்வர், நடுவில் எஸ்எஸ்எச் இணைப்பு, அதாவது தொலைவிலுள்ள கணினியை மறையாக்கத்தோடு இயக்கும் வழி. வழக்கமாக 50 பேர் புழங்கும் இடத்தில் பண்டிகை நேரத்தில் 300 பேர் நுழைந்தால் சர்வர் தாங்குமா? அதைத் தெரிந்துகொள்ள 300 பேரை அழைத்துவந்து தட்டச் சொல்ல முடியாது. அவர்களைப் போல நடிக்கும் ஸ்கிரிப்டுகளை, அதாவது சிறு நிரல்களைத்தான் ஏவிவிட வேண்டும்.

இணையதளங்களுக்கு இப்படிச் சோதனை எழுதுவது சுலபம். சர்வர் அனுப்பும் பதிலிலேயே அது எங்கே முடிகிறது என்ற தகவலும் இருக்கும். எழுத்துகள் மட்டும் ஓடும் இந்தத் திரை, அதாவது டெர்மினல், அப்படியில்லை. எழுத்துகள் வந்துகொண்டே இருக்கும், கொஞ்சம் நிற்கும், மறுபடி வரும். பதில் முடிந்ததா, இடையில் மூச்சு வாங்குகிறதா என்பதை எதிரே உட்கார்ந்திருப்பவரின் கண்தான் முடிவு செய்கிறது. ஆள் இல்லாத இடத்தில் அந்த முடிவை எடுப்பது ஸ்கிரிப்ட். ஆகவே அறிக்கையில் 'பதில் நேரம் 1.2 விநாடி' என்று அச்சாகும் எண்ணில் பாதி சர்வருடையது, மீதி ஸ்கிரிப்ட் எழுதியவருடையது என்றே நான் சொல்வேன்.

எஸ்எஸ்எச்சுக்கு முன் இதே வேலையைச் செய்த டெல்நெட்டின் காலத்தில் ஒரு குறுக்குவழி இருந்தது. உண்மையான ஊழியர் ஒருவர் வேலை செய்யும்போது வலையமைப்பில் ஓடுவதைப் பதிந்துகொண்டு, அதையே திரும்ப ஓட்டிவிடலாம். எல்லாம் மறையாக்கம் இல்லாமல் பச்சையாக ஓடியதால் கடவுச்சொற்களும் அப்படியே அகப்பட்டன. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் நடந்த அப்படியொரு கடவுச்சொல் திருட்டுக்குப் பிறகுதான் டாட்டூ யுலோனென் 1995இல் எஸ்எஸ்எச்சை எழுதினார். இதில் ஒவ்வோர் இணைப்புக்கும் மறையாக்கத்துக்கான புதிய சாவி. நேற்றுப் பதிந்த பைட்டுகளை இன்று அனுப்பினால் சர்வர் அவற்றைக் குப்பையாகவே பார்க்கும். எனவே ஸ்கிரிப்ட் கம்பியில் நிற்காமல், மறையாக்கத்துக்கு முன்னால், விசைப்பலகை இருக்கும் இடத்திலேயே நிற்க வேண்டும்.

அங்கேயும் ஒரு தடை உண்டு. கடவுச்சொல்லைப் பைப் (ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்கு உள்ளீடாக்கும் வழி) வழியாக ஊற்றினால் எஸ்எஸ்எச் கண்டுகொள்ளாது. வழக்கமான உள்ளீட்டை விட்டுவிட்டு, டெர்மினலையே நேராகத் திறந்து அதிலிருந்துதான் கடவுச்சொல்லைப் படிக்கும். இதற்கு விடையாக அமைந்தது போலி டெர்மினல். யூனிக்ஸ் வகைக் கணினிகளில் மென்பொருளாலேயே ஒரு டெர்மினலை உருவாக்கலாம். ஒரு முனையை எஸ்எஸ்எச்சிடம் கொடுத்துவிட்டு, மறுமுனையை நம் ஸ்கிரிப்ட் பிடித்துக்கொள்ளும். தட்டுவது விரலா நிரலா என்று எஸ்எஸ்எச்சுக்குத் தெரியவே தெரியாது. இந்த வித்தையை எல்லோரும் பயன்படுத்தும் கருவியாக்கியவர் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டியில் பணிபுரிந்த டான் லைப்ஸ். 1990இல் வெளிவந்த அவருடைய 'எக்ஸ்பெக்ட்' இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 'இதை அனுப்பு, அது வரும்வரை காத்திரு' என்பதுதான் அதன் மொத்த இலக்கணம்.

'அது வரும்வரை' என்பதில்தான் ஆட்கள் வழுக்கி விழுகிறார்கள். கட்டளை ஓடி முடிந்ததை அறிய, அதன் வாலில் 'முடிந்தது' என்று அச்சிடும் ஒரு துண்டைச் சேர்த்து, அந்தச் சொல் கண்ணில் பட்டதும் கடிகாரத்தை நிறுத்துவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் டெர்மினல் நாம் தட்டியதையும் நமக்கே திருப்பிக் காட்டும். நாம் அனுப்பிய வரியிலேயே 'முடிந்தது' இருப்பதால், வேலை தொடங்கும் முன்பே ஸ்கிரிப்ட் அதைப் பார்த்துவிடும். எத்தனை பேரை ஏற்றினாலும் பதில் நேரம் சில மில்லிவிநாடிதான் என்று அறிக்கை பெருமையடிக்கும். பரிகாரம் சின்னது. அனுப்பும் வரியில் சொல்லின் நடுவே ஒரு ஜோடி வெற்று மேற்கோள் குறிகளைச் செருகி 'முடி', 'ந்தது' என்று உடைத்து எழுதினால் போதும். கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் அச்சிடும்போது இரண்டும் ஒட்டிக்கொள்ளும், திருப்பிக் காட்டும் வரியில் உடைந்தபடியே இருக்கும். ஸ்கிரிப்ட் தேடுவது ஒட்டிய சொல்லை மட்டும்.

கிடங்குத் திரை போன்ற முழுத்திரைப் பயன்பாடுகளில் இது செல்லாது. அங்கே சர்வர், 'கர்சரை 22ஆம் வரி, 10ஆம் நெடுவரிசைக்குக் கொண்டுபோ' என்பது போன்ற கட்டுப்பாட்டுக் குறிகளைத் தூவித் திரையை வரையும். 1978இல் வந்த விடி100 டெர்மினலின் வழக்கம் இது. வரைந்து முடித்ததும் கர்சர் பெரும்பாலும் உள்ளீட்டுக் கட்டத்துக்கு வந்து நிற்கும். அந்தக் கடைசிக் குறிக்காகக் காத்திருப்பதுதான் நம்பகமான வழி.

அடுத்தது காத்திருப்பின் எல்லை. எக்ஸ்பெக்ட் தானாக விதித்துக்கொள்ளும் எல்லை 10 விநாடி. அதற்குள் எதிர்பார்த்தது வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று நாம் எழுதாமல் விட்டால், அது கூச்சல் போடாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். திணறும் சர்வர் 40 விநாடி எடுத்தாலும் கணக்கில் 10தான் ஏறும், அதுவும் வெற்றி என்ற பெயரில். வரைபடத்தின் உச்சி 10இல் மட்டமாக வெட்டியது போல நின்றால், சர்வரைப் பார்க்கும் முன் ஸ்கிரிப்டைத் திறந்து பாருங்கள்.

ஸ்கிரிப்ட் மனிதவேகத்தில் தட்டவும் வேண்டும். எக்ஸ்பெக்டில் இதற்கென்றே ஒரு வசதி உண்டு. எழுத்துகளுக்கு இடையேயான சராசரி இடைவெளி, சொல்லின் முடிவில் இடைவெளி, ஏற்ற இறக்கம், குறைந்த அளவு, கூடிய அளவு என ஐந்து எண்கள் கொடுத்தால், அந்த நடையில் தட்டும். முந்தின இரவு அதிகம் குடித்தவர் மறுநாள் தட்டும் நடைக்கான எண்களையும் அதன் கையேடு தருகிறது! கிடங்கில் கவனிக்க வேண்டிய வேறொன்று உண்டு. பட்டியல் எண்ணை விரல் தட்டும், ஆனால் பார்கோடைக் கருவியே மொத்தமாகக் கொட்டும். இரண்டையும் ஒரே வேகத்தில் அனுப்பினால் அது எந்தக் கிடங்கையும் ஒத்திருக்காது.

இனி வாசலில் சேரும் கூட்டம். பரவலாகப் புழங்கும் எஸ்எஸ்எச் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச்சின் சர்வரில் அடையாளம் உறுதியாகாத இணைப்புகளுக்கு ஒரு வரம்பு உண்டு, இயல்பான அமைப்பு 10:30:100. அப்படிப்பட்ட இணைப்புகள் 10 ஆனதும், புதிதாக வருபவற்றில் 30 சதவீதத்தைக் குலுக்கல் முறையில் துரத்தும். கூடக் கூடத் துரத்தலும் கூடி, 100ஐ எட்டியதும் எல்லாவற்றையும் மறுக்கும். 300 பேரையும் ஒரே நொடியில் ஏவினால் பலர் வாசலிலேயே விழுவார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பயன்பாட்டின் மேல் பழி போடுவது அநியாயம்.

லாகின் நேரத்தைத் தனியாகவே கணக்கிட வேண்டும். இணைப்பு, சாவிப் பரிமாற்றம், அடையாளச் சரிபார்ப்பு, டெர்மினல் கோருதல் என்று எல்லாம் முடிய ஏழெட்டு முறை செய்தி போய்வர வேண்டியிருக்கும். போய்வர 200 மில்லிவிநாடி ஆகும் தூரமென்றால், சும்மா இருக்கும் சர்வரிலும் லாகினுக்கு ஒன்றரை விநாடி பிடிக்கும். ஊழியரோ ஷிப்ட் தொடக்கத்தில் ஒரு முறைதான் நுழைகிறார். ஒவ்வொரு பொருளுக்கும் புதிதாக லாகின் செய்யும் ஸ்கிரிப்ட் அளப்பது சாவிப் பரிமாற்றத்தின் கணக்கீட்டை, கிடங்கை அல்ல. ஷிப்ட் மாறும்போது எல்லோரும் சில நிமிடங்களுக்குள் நுழையும் நெரிசலை வேண்டுமானால் தனிச் சோதனையாக வைக்கலாம், வைக்கவும் வேண்டும்.

கடவுச்சொல்லை ஸ்கிரிப்டுக்குள் எழுதி வைக்காதீர்கள். கட்டளை வரியில் கொடுத்தால் இன்னும் மோசம், ஓடும் நிரல்களின் பட்டியலில் அதே கணினியில் இருக்கும் மற்றவர்களும் படிக்கலாம். சோதனைக்கென்று தனிக் கணக்கு, கடவுச்சொல்லுக்குப் பதிலாக நுழையத் தனிச் சாவி, குறிப்பிட்ட முகவரியிலிருந்து மட்டும் அனுமதி என்று வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் சாவியை நீக்கிவிடலாம்.

கடைசியாக, அண்மையில் சேர்ந்த ஒரு சிக்கல். ஒரு விசையைத் தட்டினால் எஸ்எஸ்எச்சில் அது 36 பைட் அளவுள்ள சிறு பொதியாகப் போகலாம். உள்ளே இருக்கும் எழுத்து தெரியாது, ஆனால் எப்போது தட்டினார் என்பது தெரியும். அந்த இடைவெளிகளைக் கொண்டே கடவுச்சொல்லைப் பற்றித் துப்புப் பெறலாம் என்று பெர்க்லி ஆய்வாளர்கள் 2001இலேயே காட்டினார்கள். 2023 அக்டோபரில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 9.5 இதற்கு ஒரு மருந்து தந்தது. கிளையன்ட், அதாவது பயனர் பக்கத்து எஸ்எஸ்எச் நிரல், விசைகளை 20 மில்லிவிநாடிக்கு ஒரு முறை என்ற சீரான தாளத்தில் அனுப்பும், தட்டுவது நின்ற பிறகும் கொஞ்ச நேரம் போலிப் பொதிகளை விடும். பாதுகாப்புக்கு நல்லது. சோதனையிலோ ஒவ்வொரு விசைக்கும் சில மில்லிவிநாடி கூடுதல் தாமதமும், சர்வருக்குக் கூடுதல் பொதிகளும் சேரும். சோதனைக் கணினியில் புதிய பதிப்பும் கிடங்குக் கருவிகளில் வேறொரு கிளையன்ட்டும் இருந்தால், இல்லாத சுமையை அளந்துகொண்டிருப்போம். கருவிகளில் இந்த வசதி இல்லையென்றால், சோதனைக் கணினியின் அமைப்புக் கோப்பில் ஒரே வரியில் இதை அணைத்துவிடலாம்.