ஹாலிடே கிளப் மெம்பர்ஷிப்: கார்டை நீட்டறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க

நுகர்வோர் வழக்குகள் நடத்துற வக்கீல் நான். இந்த வாரமும் ஒரு தம்பதி ஹாலிடே கிளப் ஃபைலோட வந்து உக்காந்தாங்க (மொத்தமா ஒரு தொகை கட்டினா வருஷா வருஷம் சில ராத்திரி அவங்க ரிசார்ட்ல தங்கலாம்கிற மெம்பர்ஷிப் இது). அதே கதைதான். மால்ல கூப்பன் எழுதிப் போட்டிருக்காங்க, பரிசு விழுந்திருக்கு ரெண்டு பேரும் சேர்ந்து வந்து வாங்கிக்கோங்கன்னு போன், போனா ஹோட்டல் ஹால்ல மணிக்கணக்கா பேச்சு, "இந்த ரேட் இன்னிக்கு மட்டும்தான் சார்", கார்டைத் தேய்ச்சாச்சு.

எனக்கு ரொம்ப எரிச்சல் வர்றது, "ஒரு தடவை கட்டிட்டா 25 வருஷம் தங்கறது ஃப்ரீ"ன்னு நம்பிட்டு வர்றதுதான். ஃப்ரீ இல்லங்க! வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம் இருக்கு, பெரும்பாலும் நீங்க போனாலும் போகலைன்னாலும் கட்டியாகணும், அது ஏறிக்கிட்டே போகும், அதுக்கு மேல ஜிஎஸ்டி வேற. உதாரணத்துக்கு, மெம்பர்ஷிப் 4 லட்சம், பராமரிப்பு வருஷத்துக்கு 18,000, தங்கறது 7 ராத்திரின்னு வைங்க. அந்த 4 லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு பேங்க்ல போட்டிருந்தா வருஷத்துக்கு 28,000 வந்திருக்கும், அசலும் அப்படியே இருக்கும். ஆக வருஷச் செலவு 46,000, ஒரு ராத்திரிக்கு 6,500க்கு மேல. லீவு கிடைக்காம 4 ராத்திரிதான் போனீங்கன்னா 11,500. சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் தனி. இப்ப சொல்லுங்க, எது ஃப்ரீ?

"சொத்து மாதிரி சார், வித்துக்கலாம்"னும் சொல்லுவாங்க. பெரும்பாலான மெம்பர்ஷிப்ல ஒரு சதுர அடி கூட உங்க பேருக்கு வராது, தங்கற உரிமை மட்டும்தான்.

சீசன் கலரையும் பாருங்க, அதாவது வருஷத்துல எந்த மாசங்கள்ல நீங்க தங்கலாம்னு கிளப் கலர் வெச்சுப் பிரிச்சிருக்கிறது. விலை கம்மியா இருக்குன்னு ஆஃப் சீசன் வாங்கிட்டு, பசங்க லீவு விடற மே மாசத்துல ஊட்டி கேட்டா கிடைக்காது. பசங்க லீவை நம்பி இருக்காம, மாசக்கணக்குல முன்னாடியே பிளான் பண்ணி, எல்லா ராத்திரியையும் வருஷம் தவறாம யூஸ் பண்றவங்களுக்கு இது லாபமாவும் இருக்கலாம், நான் மறுக்கல.

ஒப்பந்தத்தை வீட்டுக்கு வாங்கிட்டு வந்து படிங்க, தர மாட்டேன்னா எழுந்து வந்துடுங்க. நான் பார்க்கிற ஃபைல்கள்ல, விற்பனைப் பிரதிநிதி வாயால சொன்ன எதுவும் கம்பெனியைக் கட்டுப்படுத்தாதுன்னு பொடி எழுத்துல ஒரு வரி இருக்கும், அதுக்குக் கீழதான் மெம்பர்ஷிப் வாங்கினவங்க கையெழுத்து. அதனால சொன்னதையெல்லாம் மெயில்ல எழுதி வாங்குங்க. இன்சூரன்ஸ் பாலிசிக்கு இருக்கிற மாதிரி சட்டப்படியான ஃப்ரீ லுக் (வாங்கின சில நாளுக்குள்ள வேண்டாம்னு திருப்பிக் குடுக்கிற உரிமை) இதுக்குக் கிடையாது, ஒப்பந்தத்துல எத்தனை நாள் போட்டிருக்கோ அதுதான்.

ஏற்கனவே மாட்டிட்டீங்களா? போன்ல கத்திப் பிரயோஜனமில்ல, கேன்சல்னு மெயில்லயும் ஸ்பீட் போஸ்ட்லயும் உடனே அனுப்புங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணி புகார் பதியுங்க. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல, நீங்க குடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும்னா மனுவுக்கு ஃபீஸே இல்ல. ஆனா பிரச்சனை வந்த நாள்லேர்ந்து 2 வருஷத்துக்குள்ள போடணும், தயவுசெஞ்சு "பார்த்துக்கலாம்"னு தள்ளாதீங்க, இதைத் தள்ளிப் போட்டே கேஸைக் கோட்டை விட்டவங்க நிறைய பேர். இன்னொண்ணு, மெம்பர்ஷிப் பணத்தை இஎம்ஐல கட்டிட்டு இருந்தீங்கன்னா, கோவத்துல அதை மட்டும் நிறுத்திடாதீங்க. அது பெரும்பாலும் பேங்க் லோனா இருக்கும், சிபில் ஸ்கோர்ல அடி வாங்கப் போறது நீங்க. முதல்ல ஒரு வக்கீலைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.