லைப்ரரியை மட்டும் மாற்றினால் போதாது

மறுபடியும் அதே புகார்: "லைப்ரரியில் சின்ன மாற்றம்தான் செய்தோம், நிரல் கண்ட இடத்தில் விழுகிறது." காரணமும் அதேதான். சி ஹெடரில் (நிரலும் லைப்ரரியும் பொதுவாகப் படிக்கும் அறிவிப்புக் கோப்பு) ஒரு ஸ்ட்ரக்சரின் (பல தரவு உறுப்புகளின் தொகுப்பு) நடுவில் புது உறுப்பைச் செருகிவிட்டு, ஷேர்டு லைப்ரரியை (நிரல் ஓடும்போது வந்து இணையும் தனிக் கோப்பு) மட்டும் பில்ட் செய்து பழையதன் இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

"ஷேர்டு லைப்ரரிதானே, நிரலை எதற்கு மறுபடி கம்பைல் செய்ய வேண்டும்?" என்று கேட்கிறார்கள். ஒரு ஃபங்ஷனின் உள்வேலையை மட்டும் திருத்தியிருந்தால் நீங்கள் சொல்வது சரி. ஸ்ட்ரக்சர் விஷயம் வேறு. கம்பைல் ஆன பிறகு உறுப்பின் பெயரை யாரும் தேடுவதில்லை. எத்தனையாவது பைட் என்ற எண்தான் மிஞ்சும். அடையாள எண் 0-வது பைட், நீளம் 4-வது பைட் என்று நிரலுக்குள் பதிந்துவிட்டது. இடையில் 4 பைட் இன்ட் ஒன்றைச் செருகினால், புது லைப்ரரிக்கு நீளம் 8-வது பைட்டில் இருக்கிறது. நிரலோ இன்னும் 4-வதில்தான் படிக்கும். போதாததற்கு, நிரல் ஒதுக்கிய இடம் 8 பைட், லைப்ரரி எழுதுவது 12. பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒன்று அழியும். நிரலை லைப்ரரியோடு இணைக்கும் லிங்கரும், ஓடும்போது அதை ஏற்றும் லோடரும் வாயே திறக்காது. அவை பார்ப்பது பெயர்களைத்தான். "நடுவில் இல்லை, கடைசியில்தான் சேர்த்தேன்" என்றும் சொல்லாதீர்கள். அளவு மாறிவிட்டதே!

இதற்குத்தான் சோநேம், அதாவது லைப்ரரிக்குள் எழுதிவைக்கும் பதிப்பு எண்ணோடு கூடிய பெயர், இருக்கிறது. லிங்க் செய்யும்போது அந்தப் பெயர், அதில் உள்ள 1 என்ற எண்ணோடு சேர்த்து, நிரலுக்குள் பதிவாகும். ஸ்ட்ரக்சர் மாறினால் 2 ஆக்குங்கள், பழைய கோப்பையும் விட்டுவையுங்கள். பழைய நிரல் பழையதையே தேடிப்போகும். மேக்ஃபைலில் (பில்ட் விதிகளைச் சொல்லும் கோப்பு) ஒரே ஒரு வரி, தயவுசெய்து எழுதிவிடுங்கள்.

இதே நோய் மேக்ஃபைலுக்குள்ளும் உண்டு. "மேக் க்ளீன் (பழைய பில்டை அழிக்கும் கட்டளை) போட்டால் சரியாகிவிடுகிறது" என்று யாராவது சொன்னால், அந்த மேக்ஃபைலில் ஹெடர் சார்புகள் (எந்தக் கோப்பு எந்த ஹெடரை நம்பியிருக்கிறது என்பது) விடுபட்டிருக்கின்றன என்றே நான் முதலில் சந்தேகிப்பேன். ஹெடர் மாறியும் பாதி ஆப்ஜெக்ட் கோப்புகள் (கம்பைல் ஆன துண்டுகள்) பழையபடியே கிடக்கும். சார்புகளைக் கையால் எழுதாதீர்கள், நிச்சயம் ஒன்று விட்டுப்போகும். ஜிசிசி, க்ளாங் கம்பைலர்கள் இரண்டிலும் -எம்எம்டி (-MMD) கொடுத்தால் கம்பைலரே பட்டியல் எழுதித் தரும். அதை மேக்ஃபைலில் இன்க்ளூட் செய்தால் போதும்.

ஸ்டேட்டிக் லைப்ரரிக்காரர்களும் (லிங்க் செய்யும்போதே நிரலுக்குள் சேர்ந்துவிடும் லைப்ரரி) நிம்மதியாக உட்கார வேண்டாம். ஆப்ஜெக்ட்களை ஒரே ஆர்க்கைவ் கோப்பாகக் கட்டும் ஏஆர் (ar) கட்டளையின் 'ஆர்' சேர்க்கும், மாற்றும், நீக்காது. சென்ற மாதம் நீங்கள் தூக்கியெறிந்த சி கோப்பின் ஆப்ஜெக்ட் இன்னும் உள்ளேயே இருக்கலாம். ஏஆர் ஓட்டுமுன் பழைய ஆர்க்கைவை அழித்துவிடுங்கள்.

அப்புறம், ஒவ்வொரு ரிலீஸுக்கு முன்னும் லைப்ரரிக் கோப்பின் உள்விவரத்தைக் காட்டும் ரீட்எல்ஃப் -டி (readelf -d) கட்டளையை ஓட்டிப் பாருங்கள். லைப்ரரியில் சோநேம் வரி இல்லையென்றால் வெளியே அனுப்பாதீர்கள்.