வைட்டமின் டி: ரிப்போர்ட்டில் 18 என்றால் குறைபாடா?

சென்ற மாதம் அறுபது வயதை ஒட்டிய ஒரு அம்மா வந்தார். பையிலிருந்து மூன்று பாட்டில்களை எடுத்து மேசையில் வைத்தார். கால்சியம் மாத்திரையில் 500 யூனிட் வைட்டமின் டி. தனி டி மாத்திரையில் 5,000. சத்து மாத்திரையில் '25 மைக்ரோகிராம்' என்றிருந்ததால் அது கொஞ்சம்தான் என்று நினைத்திருக்கிறார். மைக்ரோகிராமை 40 ஆல் பெருக்கினால்தான் யூனிட் கணக்கு வரும், அது 1,000. ஆக, தினமும் 6,500 யூனிட்.

"ரிப்போர்ட்டில் 18 என்று வந்ததே டாக்டர், 20க்குக் கீழே போனால் குறைபாடுதானே?" என்றார். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் எத்தனை நானோகிராம் வைட்டமின் டி என்பதுதான் அந்த எண்.

இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1997 பரிந்துரைப்படி 50 வயது வரை தினம் 200 யூனிட் போதும். 2010 இல் நிபுணர் குழு அதைத் திருத்தி, ஒரு வயது முதல் 70 வரை 600, அதற்கு மேல் 800 என்றது. வெயில் அதிகம் படாதவர்களையும் மனதில் வைத்துப் போட்ட கணக்கு இது. அதே அறிக்கையில் சராசரித் தேவை 400 யூனிட்தான். இரத்த அளவில் 16. ஏறக்குறைய எல்லோருக்கும் போதுமான அளவுதான் 20. அதைக் குறைபாட்டின் எல்லைக்கோடாக எடுத்துக்கொண்டது பெரிய பிழை. 18 உள்ள பலருக்கு எலும்புக்கு வேண்டியது கிடைத்துக்கொண்டுதான் இருக்கும்.

ஹார்மோன் மருத்துவர்களின் சங்கமான எண்டோகிரைன் சொசைட்டி 2011 இல் இரத்த அளவு 30 வேண்டும் என்றது. 2024 இல் அதைக் கைவிட்டு, ஆரோக்கியமான பெரியவர்களுக்கு வழக்கமான இரத்தப் பரிசோதனையே தேவையில்லை என்றது.

பரிந்துரையை இன்னும் உயர்த்த வேண்டும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சுமார் 26,000 பேரிடம் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அமெரிக்காவில் நடந்த 'வைட்டல்' என்ற ஆய்வில், தினம் 2,000 யூனிட் எடுத்தும் புற்றுநோயோ மாரடைப்போ எலும்பு முறிவோ குறையவில்லை. அடுத்த திருத்தத்தில் அரசு செய்ய வேண்டியது வேறு: சராசரித் தேவையையும், பெரியவர்களுக்கான உச்சவரம்பான 4,000 யூனிட்டையும் லேபிளிலேயே போடச் சொல்ல வேண்டும். கொழுப்பில் கரையும் வைட்டமின் இது. மிஞ்சியது உடலில் தங்கி இரத்தத்தில் கால்சியத்தை ஏற்றும். தாகம், மலச்சிக்கல், குமட்டல் என்று தொடங்கி சிறுநீரகம் வரை போகும்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை, எலும்புத் தேய்மானம், குடல் அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்கள் கணக்கு வேறு. அவர்கள் தாங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

அந்த அம்மாவுக்குக் கால்சியம் பரிசோதனை எழுதிக் கொடுத்தேன். அளவு இயல்புக்குச் சற்று மேலே இருந்தது. 5,000 பாட்டிலை அன்றே நிறுத்தினோம்.